ஏழாம் எண் அறையில் ஒன்றுமில்லை

வெற்றிடம் என்று ஒன்று மெய்யாகவே உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு உலகம் நானூறு வருஷமாக விடை தேடி அலைந்துகொண்டிருக்கிறது. பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். செப்புக் கோளத்திலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். இப்போது பூமியைக் குடைந்து, மைல் கணக்கில் குழாய் பதித்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியேற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில், 'இன்னும் என்னவோ மிச்சம் இருக்கிற மாதிரி தெரிகிறது' என்று அறிக்கை எழுதிவிட்டு அடுத்த குழாய்க்கு நிதி கேட்கிறார்கள். பாவம், இத்தனை பேரில் ஒருவருக்காவது திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி வேங்கிக்காலில் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முழு வெற்றிடம் அவர்களுக்கு அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் மூன்று பிரதிகளில், முத்திரையோடு கிடைத்திருக்கும்.

அதைக் கண்டுபிடித்தவர் திருவாளர் அருணகிரி. பதவி: கண்காணிப்பாளர். பிரிவு: அரசுக் கட்டடங்கள் காலியிடச் சரிபார்ப்புப் பிரிவு. எந்தெந்தக் கட்டடத்தில் எந்தெந்த அறை காலியாக இருக்கிறது என்று பார்த்து எழுதி வைப்பது அந்தப் பிரிவின் வேலை. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவர் எழுதிய எதன் மேலும் ஒரு தணிக்கைத் தடைகூட வந்ததில்லை. ஏப்ரல் கடைசியில் ஓய்வு. மிச்ச மாதங்களையும் அதே மாதிரி களங்கமில்லாமல் கழித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அண்ணாமலையாரிடம் அவர் வேறெதுவும் கேட்டதில்லை.

அவருடைய பதிவேட்டில் ஆறு கட்டங்கள். கட்டடம், அறை எண், நீளம், அகலம், உயரம், நிலை. 'நிலை' என்ற கட்டத்தில் 'காலி' என்று எழுதலாம், அல்லது 'காலி இல்லை' என்று எழுதலாம். 'காலி இல்லை' என்று எழுதிவிட்டால் தொலைந்தது. உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, யார் வைக்கச் சொன்னது, எப்போது எடுப்பார்கள் என்று நான்கு இணைப்புகள் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னாலும் ஒரு தணிக்கையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'காலி' என்று எழுதினால் கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்; மேலே இருப்பவர்களும் எதையும் பார்க்காமல் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அருணகிரிக்கு உண்மை என்றால் ரொம்பப் பிடிக்கும். அதுவும் இணைப்பு தேவைப்படாத உண்மை என்றால் உயிர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு தடவைகூடப் பொய் எழுதியதில்லை. நேரில் போய், கதவைத் திறந்து, கண்ணால் பார்த்துத்தான் 'காலி' என்று எழுதுவார். இதில் பிரிவின் ஆய்வு முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

கிரிவலப் பாதையில் இருக்கும் முப்பத்திரண்டு கட்டடங்களையும் வருஷத்துக்கு ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. பாதை பதினாலு கிலோமீட்டர். அதே பாதையைப் பௌர்ணமியன்று சுற்றினால் புண்ணியம். எப்படியும் நடக்கப்போகிற பதினாலு கிலோமீட்டரை இரண்டு தடவை நடப்பானேன்? ஆகவே ஆய்வு நாள் என்றால் தைப் பௌர்ணமி என்று அருணகிரிக்கு முன்னால் இருந்தவர் வைத்திருந்தார். அவருக்கு அவருடைய முன்னவர் சொல்லிக்கொடுத்தாராம். கையில் பதிவேடு, வாயில் அரோகரா. இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கத்தில் முடித்தால் ஆய்வும் ஆச்சு, கிரிவலமும் ஆச்சு. ஊரே லீவில் இருக்கும்போது செருப்புகூடப் போடாமல் கடமையாற்றும் வேறொரு பிரிவு இந்த மாநிலத்தில் இருந்தால் காட்டுங்கள்.

பௌர்ணமியன்று என்ன விசேஷம் என்றால், மாதம் பூராவும் அந்தக் கட்டடங்களில் அடைந்து கிடக்கும் இரும்புத் தடுப்புகள், சவுக்குக் கம்புகள், கயிற்றுச் சுருள்கள், ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் கூட்டத்தைச் சமாளிக்க ரோட்டுக்குப் போய்விடும். அருணகிரி எட்டிப் பார்க்கும்போது அறை பெருக்கிவிட்ட மாதிரி பளிச்சென்று இருக்கும். எழுதுவார். மறுநாள் எல்லாம் திரும்பி வந்துவிடும். அதை அவர் பார்த்ததில்லை. பார்க்காததை எழுத அவர் என்ன கதாசிரியரா?

இப்படிப் பதினைந்து வருஷமாகக் 'காலி' என்று பெயர் வாங்கிய ஓர் அறைக்குத்தான் சோதனை வந்தது. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அதில் ஏழாம் எண் அறை. சோதனையின் பெயர் பிராமி டீச்சர்.

பிராமி டீச்சர் அந்தப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை. ஆரணிப் பக்கம் ஒரு சமணக் கிராமம். பூச்சி புழுவுக்குக்கூடத் தீங்கு நினைக்காத குடும்பம். சரிபார்ப்புப் பிரிவுக்கும் தீங்கு நினைக்கக் கூடாது என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. டிசம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, மனுவோடு வந்து அருணகிரியின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சார், ஏழாம் நம்பர் ரூமைக் காலி பண்ணிக் குடுக்கணும்."

அருணகிரி பதிவேட்டைப் புரட்டினார். "ஏழாம் நம்பர் காலியாத்தானே இருக்குது?"

"இல்ல சார். உத்தரம் வரைக்கும் தடுப்பு அடுக்கி வெச்சிருக்காங்க. கதவே முழுசாத் திறக்க மாட்டேங்குது."

"டீச்சர், பொறுமையாக் கேளுங்க. காலியா இல்லாத ரூமைக் காலி பண்ணலாம். காலியா இருக்கிற ரூமை எப்படிக் காலி பண்றது? எதை வெளியே எடுக்கச் சொல்லி நான் ஆர்டர் போடறது?"

"தடுப்பை எடுக்கச் சொல்லி."

"எந்தத் தடுப்பு?"

"ரூம்ல இருக்கிற தடுப்பு."

"ரூம்தான் காலியாச்சேம்மா."

பிராமி டீச்சர் மூச்சை இழுத்து விட்டார். பிறகு நிதானமாக விஷயத்தைச் சொன்னார். பிளஸ் டூ அறிவியல் பிரிவில் இருபத்து மூன்று பெண்கள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. ஆய்வகம் என்று ஓர் அறை இல்லாததால் எல்லாச் சோதனையும் வராந்தாவில் நடக்கிறது. தேர்வுக்கு வருகிறவர் ஆய்வகம் எங்கே என்று கேட்பார். இல்லையென்றால் தேர்வை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்; அடுத்த வருஷம் அறிவியல் பிரிவையே மூடிவிடுவார்கள். மலை சுற்றி இருக்கிற கிராமங்களில், நடந்து போகிற தூரத்தில் பிரிவு இருப்பதால்தான் பெண்ணைப் பிசிக்ஸ் படிக்க விடுகிறார்கள். பஸ் ஏற வேண்டும் என்றால், "பத்தாவது போதும், டெய்லரிங் கத்துக்கோ" என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சித்தப்பா தயாராக இருக்கிறார்.

அருணகிரி உருகிப் போனார். உருகியது அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் பதிவேடு உருகுகிற ஜாதி இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"வராந்தாவிலயே செய்யலாமே டீச்சர்? நல்ல காத்து."

"காத்து இருக்குது சார். ஆனா காந்த ஊசி வெச்சு ஒரு சோதனை இருக்குது. ஊசி வடக்கைக் காட்டணும். பக்கத்து ரூம்ல அத்தனை இரும்பு இருக்கிறதால அது ஏழாம் நம்பர் ரூமைக் காட்டுது."

அருணகிரி வெகுநேரம் யோசித்தார். "ஊசி பழுது," என்றார். "புது ஊசி கேட்டு ஒரு மனு குடுங்க. அதுக்கு வேற பிரிவு."

டீச்சர் சும்மா போகவில்லை. மேலே ஒரு மனு, அதற்கு மேலே ஒரு மனு என்று எழுதினார். விளைவாக, 'காலியிடம் என்றால் என்ன' என்பதைத் தெளிவுபடுத்த ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை, பிரிவு அலுவலர் அறிவுச்செல்வன். புதிதாக வந்தவர், நவீனமானவர். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நடத்திய 'வெறுமையில் இருத்தல்' என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தவர். அதிலிருந்து எந்தக் கூட்டமானாலும் முதலில் ஒரு நிமிஷம் எல்லோரும் கண்ணை மூடி வெறுமையாக இருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் பெரும்பாலோர் நெடுங்காலமாகவே இதில் தேர்ந்தவர்கள் என்பதால் சிரமம் இருக்கவில்லை.

கண்ணைத் திறந்ததும் அறிவுச்செல்வன் பேசினார். "இன்னிக்கு டாபிக், காலி. காலின்னா என்ன? ஓப்பனா டிஸ்கஸ் பண்ணலாம்."

அருணகிரி எழுந்தார். "ஐயா, ஒரு சின்ன எல்லைப் பிரச்சினை. பஞ்சபூதத்துல நம்ம ஊருக்கு ஒதுக்கினது நெருப்பு. ஆகாயம் சிதம்பரத்துக்குப் போயிடுது. வெட்டவெளி சம்பந்தமா நாம முடிவெடுத்தா அது அதிகார வரம்பு மீறல் ஆகுமான்னு பாக்கணும்."

"நல்ல பாயிண்ட்," என்றார் அறிவுச்செல்வன். "குறிச்சுக்கோங்க. டீச்சர், நீங்க சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட். உங்க சைடுல என்ன சொல்றீங்க?"

அறையைப் பற்றிப் பேசத்தான் பிராமி டீச்சர் வந்திருந்தார். ஆனால் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் ஆசிரியருக்கு நாக்கு நிற்காது. அதுவும் இந்த ஊரில், இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு வெற்றிடத்தைப் பற்றிக் கேட்கக் காத்திருப்பது எப்போது கிடைக்கும்?

"ஒரு ரூமை எடுத்துக்கோங்க சார். மேசை நாற்காலியை எடுத்துட்டோம். அப்புறம் காத்தை எடுத்துட்டோம். வெளிச்சத்தை எடுத்துட்டோம், சூட்டையும் எடுத்துட்டோம். இனிமே எடுக்க ஒண்ணுமே இல்ல. ஆனா அப்பவும் அது வெறுமனே கிடக்காது. அந்த இடமே சின்னதா நடுங்கிட்டே இருக்கும். துகளுங்க தோணும், உடனே மறைஞ்சிடும். இது கற்பனை இல்ல. காத்தில்லாத இடத்துல ரெண்டு உலோகத் தகட்டைத் தொடாம ரொம்பப் பக்கத்துல வெச்சா, அது ஒண்ணையொண்ணு நெருங்கும். நடுவுல ஒண்ணுமே இல்ல, ஆனா அந்த 'ஒண்ணுமில்லை'க்குப் பலம் இருக்குது. அளந்து பாத்திருக்காங்க. அதனால முழு வெற்றிடம்னு பிசிக்ஸ்ல சொல்ல முடியாது சார்."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் எதிரே இருந்த முகங்களும் மலர்ந்திருப்பதைக் கவனித்தார்.

"அப்ப உள்ளே பொருள் இருந்தாலும் அது காலிதான். கரெக்டா?" என்றார் அறிவுச்செல்வன்.

"அப்படி இல்ல சார். நான் சொல்றது அணுவைவிடச் சின்ன..."

"சின்னதோ பெருசோ, பிரின்சிபிள் ஒண்ணுதானே?"

"தோணும், மறைஞ்சிடும்னு டீச்சர் சொன்னதைக் குறிச்சிருக்கேங்க," என்றார் அருணகிரி பக்தியோடு. "அப்பப்போ தடுப்பு தெரியுது, பௌர்ணமிக்கு மறைஞ்சிடுதுன்னா அது இயற்கைதான் போல."

"சார்! ஒவ்வொண்ணும் நாப்பது கிலோ சார்!"

"முழுசா வெறும் இடம்னு எங்கயுமே கிடையாதா டீச்சர்?" அறிவுச்செல்வனுக்கு இப்போது உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது.

பிராமி டீச்சர் கோபத்தை அடக்கிக்கொண்டார். "எங்கப்பா ஆதிராஜ் சொல்லுவாரு. எங்க நூல்கள்ல, வேற எதுவுமே இல்லாத வெறும் ஆகாசம்னு ஒண்ணு சொல்லியிருக்குது. ஆனா அது உலகத்துக்கு வெளியே."

"வெளியேன்னா, மாவட்ட எல்லைக்கு வெளியேவா?"

"உலகத்துக்கு வெளியே சார்."

"அப்ப நமக்குச் சம்பந்தம் இல்ல," என்று கூட்டத்தை முடித்தார் அலுவலர்.

மறுநாள் வந்த கூட்டக் குறிப்பில் இப்படி இருந்தது: 'முழுமையான காலியிடம் என்று எதுவும் இல்லை என இயற்பியல் ஆசிரியையே ஒப்புக்கொண்டுள்ளார். ஆகவே, அறை எண் 7 இயற்பியல் அனுமதிக்கும் அளவுக்குக் காலியாகவே உள்ளது எனத் தீர்மானிக்கப்பட்டது. மனு முடித்து வைக்கப்பட்டது.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூசணிக்காய் கையாலேயே, 'நான் இங்கே இல்லை' என்று எழுதி வாங்குவதை அன்றுதான் இந்த மாவட்டம் பார்த்தது.

தைப் பௌர்ணமி வந்தது. காலையிலேயே கூட்டம் நெரிந்தது. அருணகிரி குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, மஞ்சள் பையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு கிளம்பினார். சர்வீஸில் அவருக்கு இது கடைசி ஆய்வு. பார்த்த இடமெல்லாம் காலி. நிருதி லிங்கத்துக்கு வருவதற்குள் பதினெட்டு 'காலி' சேர்ந்துவிட்டது. மனசும் அதே மாதிரி லேசாகி, அடி அண்ணாமலைப் பக்கம் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தார். ஏழாம் எண் அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

காலி அறையில் பேச்சுச் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் பகீரென்றிருக்காது? மெல்ல எட்டிப் பார்த்தார். எட்டு மேசைகள். மேசை மேல் கம்பி, மீட்டர், கண்ணாடி, மின்கலம். இருபத்து மூன்று பெண்கள். நடுவில் பிராமி டீச்சர், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். விடியற்காலை தடுப்பு வண்டி கிளம்பிய அரை மணி நேரத்தில் அறையைக் கழுவி, வராந்தாவில் இருந்த அத்தனையையும் பெண்கள் உள்ளே தூக்கி வைத்திருந்தார்கள்.

"டீச்சர்! என்ன இது? காலி ரூம்ல பொருள் இருக்குது!"

"இயற்பியல் அனுமதிக்கிற அளவுக்குக் காலிதான் சார். வாங்க," என்றார் டீச்சர்.

அருணகிரிக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் கவிநிலா என்ற பெண் ஒரு முக்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள். அவள் அப்பா கிரிவலப் பாதையில் எலுமிச்சைச் சாறு விற்பவர். அவளுக்கு முன்னால் ஒரு வட்டத் தட்டு, அதன் நடுவில் மூன்று பக்கக் கண்ணாடிப் பட்டகம், ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் சின்னத் தொலைநோக்கி.

"இதுல பாருங்க சார்."

"எனக்கு எதுக்கும்மா..."

"சும்மா பாருங்க சார்."

குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. இருட்டாத்தானே இருக்குது?" என்றார் நிம்மதியோடு.

"இன்னும் கொஞ்சம் திருப்பறேன், இருங்க."

கவிநிலா குழாயை ஒரு மயிரிழை நகர்த்தினாள். கன்னங்கரேலென்ற இருட்டுக்கு நடுவே ஒரு ஊதாக் கோடு வந்தது. பக்கத்தில் நீலம். அப்புறம் பச்சை. அப்படி ஒரு பச்சையை அருணகிரி ஐம்பத்தொன்பது வயதில் பார்த்ததில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நாற்றங்காலில் மட்டும் கொஞ்சம் அந்த மாதிரி இருக்கும். அவர் கண்ணை எடுக்கவில்லை. "அம்மாடி," என்றார். முப்பத்தோரு வருஷமாக அறைகளைப் பார்த்த மனிதர், அன்றைக்குத்தான் ஓர் அறைக்குள் பார்த்தார். அதில் அவருக்கு வந்த சந்தோஷம் உண்மையானது. அதைக் கேலி செய்வது பாவம்.

"பச்சைக் கோட்டுக்கு அளவு எடுக்கணும். நீங்களே படிங்க சார்," என்றாள் கவிநிலா.

வட்டத் தட்டின் விளிம்பில் இருந்த அளவுகோலில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேருகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, மூன்று தடவை பார்த்தார். கவிநிலா கணக்குப் போட்டாள்.

"நாப்பத்தெட்டு டிகிரி பதினாறு மினிட் வருது. நல்லாப் பாத்துட்டீங்களா சார்? ரெக்கார்டுல எழுதிடவா?"

"தாராளமா எழுதும்மா. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். தப்பாச் சொல்லுவனா?"

நாற்பது நிமிஷம் போனதே தெரியவில்லை. ஒரு பெண் மின்சுற்று காட்டினாள், இன்னொருத்தி காந்த ஊசியைக் காட்டினாள். இரும்பெல்லாம் ரோட்டுக்குப் போயிருந்ததால் ஊசி ஒழுங்காக வடக்கே பார்த்து நின்றது. கடைசியில் அவர் பதிவேட்டை எடுத்தார். இருபத்து மூன்று பெண்களும் அவருடைய பேனாவையே பார்த்தார்கள்.

"எழுதுங்க சார்," என்றார் பிராமி டீச்சர். "எங்களுக்காக எதுவும் சேத்து எழுத வேணாம். நீங்க பாத்ததை மட்டும் எழுதுங்க. இது லேப்னு உங்க பதிவேட்டுல ஒரு வரி வந்துட்டா, நாளைக்கு எவனும் இங்க தடுப்பைக் கொண்டாந்து போட முடியாது."

"எழுதறேன்மா. எழுதாம?" என்றார் அருணகிரி.

எழுதத்தான் நினைத்தார். 'நிலை' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். வைத்ததும் நான்கு இணைப்புகள் நினைவுக்கு வந்தன. ஆய்வகம் யார் அனுமதியில் வந்தது? அதற்கு முன் அங்கே இருந்தது என்ன? அது இருந்ததென்றால் பதினைந்து வருஷமாகக் 'காலி' என்று எழுதியது யார்? மூன்று மாதத்தில் ஓய்வு. ஓய்வூதியக் கோப்பு இப்போதுதான் மேலே போயிருக்கிறது. பச்சைக் கோடு கண்ணுக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இருந்தாலும் கை பழகிய வழியில் போனது. 'காலி' என்று எழுதி, மூடி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். ரொம்ப யோசித்து, கருணையோடுதான் எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகம் இருப்பதே யாருக்கும் தெரியாவிட்டால் அதை யார் வந்து எடுப்பார்கள்?

"உங்க ரூம் பத்திரம் டீச்சர்," என்று சொல்லிவிட்டு வாயு லிங்கம் பார்க்கப் போனார். பெண்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் தடுப்பு வண்டி திரும்பி வந்தது. சுமை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி சுப்பன். கதவைத் திறந்தவர் அப்படியே நின்று, அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"ஐயா, ரூம்ல மேசை கீது. பொண்ணுங்க படிக்குதுங்க. எங்க எறக்கறது?"

அறிவுச்செல்வன் பதிவேட்டை வரவழைத்தார். மை காய்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. "ஏழாம் நம்பர் காலின்னு நேத்துதான் நேர்ல பாத்து எழுதியிருக்காங்க. இறக்குங்க."

"அப்ப இந்த மேசைங்க?"

"எந்த மேசைங்க?"

சுப்பனுக்கு மனசு இருந்தது. மேசைகளைத் தள்ளாமல், ஆட்களோடு தானும் பிடித்து, ஒவ்வொன்றாக வராந்தாவில் இறக்கி வைத்தார். "காலின்னு நேத்து எழுதிட்டாங்களாம், மன்னிச்சுக்கம்மா," என்று பிராமி டீச்சரிடம் மூன்று தடவை சொன்னார். அலுவலகத்தில் அறிவுச்செல்வனுக்கு எதிரே நின்ற அருணகிரி, மேசை மேல் தன் கையெழுத்து முத்தாக இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை; அவரும் பதிவேட்டை மூடி வைத்தார். சாயங்காலத்துக்குள் அறை உத்தரம் வரைக்கும் காலியாகிவிட்டது.

தேர்வுக்கு வந்தவர் ஆய்வகம் எங்கே என்று கேட்டார். டீச்சரால் காட்ட முடியவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளிக்குத் தேர்வை மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், முன்பின் பார்க்காத கருவிகளில் பெண்கள் சோதனை செய்தார்கள். பத்தொன்பது பேர் போனார்கள். நான்கு பேரை வீட்டில் அனுப்பவில்லை. ஆய்வகம் இல்லாத காரணத்தால் அடுத்த வருஷத்துக்கு அறிவியல் பிரிவு நிறுத்தப்படுகிறது என்று உத்தரவு வந்தது.

ஏப்ரல் முப்பது, அருணகிரிக்குப் பிரிவுபசார விழா. மேடையில் எட்டு அதிகாரிகள், கழுத்தில் ரோஜா மாலைகள், தட்டில் ஜாங்கிரி. ஒரு நிமிஷ வெறுமை முடிந்ததும் அறிவுச்செல்வன் பேசினார். "முப்பத்தோரு வருஷம். ஒரு அப்ஜெக்‌ஷன் கிடையாது. ஒரு தப்பு கிடையாது. நேர்ல போவாரு, கண்ணால பாப்பாரு, எழுதுவாரு. அதான் அருணகிரி சார்." கைதட்டல் எழுந்தது. அருணகிரி மாலைக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதே நேரத்தில் பிராமி டீச்சரும் கவிநிலாவும் வாசலில் வந்து நின்றார்கள். அறிவியல் பிரிவைத் திரும்பத் திறக்கக் கேட்டு ஒரு மனு கொண்டு வந்திருந்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்ட அறிவுச்செல்வன் மகிழ்ந்துபோனார். "பாருங்க, ஸ்டூடண்ட்ஸே வந்திருக்காங்க! வாம்மா, சாரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு," என்று மைக்கைக் கையில் கொடுத்தார்.

கவிநிலா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார். அவள் பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பௌர்ணமியன்னிக்கு சார் எங்க லேப்புக்கு வந்தாரு. நாப்பது நிமிஷம் இருந்தாரு. நாப்பத்தெட்டு டிகிரி பதினாறு மினிட். இது சார் பாத்துச் சொன்ன அளவு. அப்படியே எழுதினேன். கரெக்டா இருந்துச்சு, மிஸ் சைன் போட்டாங்க." நோட்டைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டல் மறுபடியும் எழுந்தது. அருணகிரி மட்டும் தட்டவில்லை.

"எங்க மிஸ் கிட்ட ஒரு ரூல் இருக்குது. கண்ணால பாத்ததைத்தான் எழுதணும். பாத்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணுன்னா, எவ்ளோ அழுதாலும் கீழ சைன் போட மாட்டாங்க." கவிநிலா மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தாள். "எங்க இருபத்து மூணு பேரையும் பாத்துட்டு, சார் காலின்னு எழுதினாரு. அதுக்குக் கீழ உங்கள்ல யாரு சார் சைன் போட்டது?"